முதலில் மண்ணைப் பார்ப்போம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நம்முடைய ஊர் பேஸ்போல் மைதானத்துக்கு வெளிநாட்டில் இருக்கிற உங்கள் சங்கத்தில் பணம் சேர்க்கப் போவதாகச் சொன்னாய். பெரிய விளக்குகளும் ஆட்கள் இருந்து பார்க்க ஒரு மண்டபமும் கட்டலாம் என்று பேச்சு நடக்கிறதாம். போனில் சொன்னால் பாதியில் வெட்டுப்பட்டுவிடும், அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். விளக்கும் மண்டபமும் இப்போது வேண்டாம், பிள்ளை. மண்ணும் தண்ணீர் வடிகிற வழியும் சரியாக இருந்தால் பங்குனியிலேயே பிள்ளைகள் விளையாடத் தொடங்குவார்கள். அது சரியில்லாவிட்டால் எத்தனை விளக்குப் போட்டாலும் பயன் இல்லை.

இந்த மாரிக்குக் குளங்கள் எல்லாம் நிரம்பி வான் பாய்ந்தன. மைதானத்தில் மூன்றாம் பேஸ், அதாவது ஓடுகிறவர் மூன்றாவதாகத் தொடுகிற மூலை, அந்தப் பக்கம் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தை பிறந்ததும் பெடியள் இறங்கி மணலைக் கொட்டி நிரவப் பார்த்தார்கள். நான்தான் மறித்தேன். ஈர மண்ணில் நடந்தால் அது இறுகிவிடும். மிதித்த இடமெல்லாம் குழியாகக் காய்ந்து, அடுத்த மழைக்கும் அங்கேதான் தண்ணீர் தேங்கும். வயல் உழுவதற்கு முன் நாங்கள் பார்க்கிற பார்வைதான் இதற்கும். ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்கிப் பார்க்க வேண்டும். கையில் ஒட்டினால் இறங்கக் கூடாது. உருண்டையாக நின்று, விரலால் தட்டியதும் உதிர்ந்தால் இறங்கலாம். பனி கரைந்த பிறகு அங்கேயும் மைதானத்தைக் கொஞ்ச நாள் பூட்டி வைப்பார்கள் என்று பேரன் சொன்னான். காரணம் இதுதான் என்று அவனுக்குச் சொல்லு.

தண்ணீர் வடிய ஓரமாக ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறோம். நடுவில் மண் போட்டு உயர்த்தி நான்கு பக்கமும் மெல்லிய சரிவு எடுக்க வேண்டும். நூறு அடிக்கு ஓரடி இறங்கினாலே போதும், பந்து அதைக் கண்டுகொள்ளாது. ஒருவர் நல்ல மனதோடு ஒரு டிப்பர் கிரவல் பறித்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கிரவல் கல்லில் பட்ட பந்து எந்தப் பக்கம் எழும்பும் என்று தெரியாது, பிள்ளைகளின் முகத்தில் அடிக்கும். சறுக்கி விழுகிறவர்களின் முழங்காலும் தப்பாது. பாதிக்கு மேல் மணல், மிச்சம் களியும் வண்டலும், அதுதான் பேஸ் ஓடும் தரைக்குத் தேவை. களி நம்மிடம் தாராளமாக இருக்கிறது, ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலை நடந்ததே இந்த மண்ணை நம்பித்தான். மணலுக்குத்தான் பெர்மிட்டும் லோட் கூலியும் வேண்டும். மண் எங்கிருந்து வந்தாலும், மிதிவெடி அகற்றி முடித்துக் கையளித்த காணியில் இருந்து மட்டும்தான் எடுப்போம். காட்டோரத்தில் சும்மா கிடக்கிறதே என்று ஒரு கடகம்கூட அள்ள விடமாட்டேன்.

பந்து எறிகிறவர் நிற்கும் திட்டியைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. அதற்குத் தனியாகக் களிமண் விற்கிறார்கள், பையில் அடைத்து அனுப்பலாம் என்றாய். அந்தக் காசை மிச்சம் பிடி. நம் வீட்டுத் திண்ணையும் தரையும் எதனால் போட்டது? புற்றுமண். கறையான் ஒவ்வொரு துகளாக எடுத்து ஒட்டிக் கட்டின மண், அதில் கல் இல்லை, வேர் இல்லை, காய்ந்தால் இரும்பு. ஆனால் உயிருள்ள புற்றில் கை வைக்க முடியாது. பாம்புத் தெய்வமான புதூர் நாகதம்பிரானுக்குப் பொங்குகிற சனம் நாங்கள். கறையான் விட்டுப்போய் மழையில் கரைந்து சரிந்த புற்றாகப் பார்த்து, கும்பிட்டுவிட்டுத்தான் எடுப்போம். அதை இடித்து, அரித்து, பிட்டுக்கு மா குழைக்கிற பதத்தில் தண்ணீர் தெளித்து, ஓரங்குல ஓரங்குலமாகப் போட்டுத் திமிசால் இறுக்க வேண்டும். ஒரு படை இறுகினதும் மேலே கொஞ்சம் சுரண்டி ஈரமாக்கித்தான் அடுத்த படை போட வேண்டும், இல்லாவிட்டால் பொருக்காகக் கழன்றுவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு ஆறு அங்குல உயரம் போதும், பெரியவர்களுக்குப் பத்து. இந்த வேலைக்கு ஊர்ப் பெண்கள் நாங்கள் வருகிறோம் என்று இங்கே ஊர்ச் சங்கத்தில் சொல்லிவிட்டோம். மூடி வைக்க எங்களிடம் பழைய தறப்பாள் இருக்கிறது. முகாமில் இருந்து வந்தபோது இதன் கீழ்தானே படுத்தோம், உனக்கு ஞாபகம் இருக்கும்.

அளவு பிடிக்கிற வேலையைச் சின்ன மாமா எடுத்துக்கொண்டார். மேசனுக்கு மூலைமட்டம் பார்க்கத் தெரியாதா? பேஸுக்குப் பேஸ் 60 அடி. அடிக்கிறவர் நிற்கும் ஹோம் பேஸில் இருந்து குறுக்கே இரண்டாம் பேஸுக்கு 84 அடி 10 அங்குலம் வந்தால் மூலை சரி. பெரிய பெடியளுக்கு 90 அடி வேண்டும், அந்த இடத்திலும் இப்போதே கட்டை அறைந்து வைக்கிறார். அடிக்கிறவர் கிழக்கைப் பார்த்து, சற்று வடக்கே சாய்ந்து நிற்க வேண்டும் என்று விளையாட்டு விதியிலேயே சொல்லியிருக்கிறதாம், பின்னேர வெயில் கண்ணில் குத்தாமல் இருக்க. நமக்கு அதில் இன்னொரு நன்மையும் உண்டு. வைகாசியில் சோளகக் காற்று தென்மேற்கில் இருந்து வீசும்போது புழுதி அடிக்கிறவரின் முதுகுப் பக்கமாக வந்து எதிரே காட்டுப் பக்கம் போய்விடும். வலப்பக்க மூலையில் நிற்கிற பிள்ளைக்கு மட்டும் வெயில் எதிரே இருக்கும். அந்தப் பிள்ளைக்கு ஒரு தொப்பி வேண்டும்.

கோடு போடச் சுண்ணாம்பு நீறு பாவிக்க நான் விடவில்லை. சறுக்குகிற பிள்ளையின் காயத்திலும் கண்ணிலும் பட்டால் சுட்டுவிடும். தென்னைக்குப் போடுகிற டொலமைட் தூள் வெள்ளையாகவும் இருக்கிறது, உடம்பையும் சுடாது. நெருஞ்சியையும் பார்த்தீனியத்தையும் பூத்துக் காய்க்க முன்னமே வேரோடு பிடுங்கியாகிறது. பாதிப் பிள்ளைகள் வெறுங்காலோடுதான் ஓடுகிறார்கள். மாடு இறங்காமல் வேலியும் அடைக்க வேண்டும். அடிக்கிறவருக்குப் பின்னால் கட்ட முல்லைத்தீவில் பழைய மீன்வலை கேட்டிருக்கிறோம், இரட்டையாக மடித்துக் கட்டினால் பந்தைத் தாங்கும்.

பிள்ளைகள் எல்லே என்கிற நம் நாட்டு மட்டையடி விளையாட்டை விளையாடி வந்தவர்கள். ஓடுகிறவர் மேல் பந்தால் எறிந்து ஆட்டமிழக்கச் செய்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. இந்தப் பந்து கல் மாதிரி, பட்டால் எலும்பு உடையும். கையில் வைத்துத் தொட வேண்டும், அல்லது பேஸுக்கு எறிய வேண்டும் என்று விளையாட்டு ஆசிரியர் தினமும் சொல்கிறார். மற்றபடி கண்ணும் கையும் நல்ல சுறுசுறுப்பு, அதுவும் பெட்டைப் பிள்ளைகளுக்கு. கொழும்புப் பக்கம் தியகமவில் ஜப்பான்காரரின் உதவியோடு கட்டின பேஸ்போல் மைதானத்தில் இவர்களும் ஒரு நாள் இறங்கி ஆட வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை.

சரி, பணத்துக்கு வருகிறேன். மணல் இரண்டு மூன்று லோடுக்குக் கொடுங்கள். அதைவிட முக்கியம் தண்ணீர். சோளகம் தொடங்கினால் பேஸ் ஓடும் தரை தூளாகப் பறக்கும். ஆட்டம் முடிந்ததும் கம்பி வலையில் கல் வைத்துக் கட்டிச் சைக்கிளில் இழுத்து மட்டம் பிடித்து, இரவுக்குத் தண்ணீர் அடித்துவிட வேண்டும். பள்ளிக்கூடக் கிணற்றில் இருந்து இழுக்க ஒரு மோட்டரும் மைதானம் வரை பைப்பும் போட்டுத் தந்தால் அது பல வருடத்துக்கு நிற்கும். பெயர்ப்பலகைக்கு ஒரு சதமும் ஒதுக்க வேண்டாம் என்று சங்கத்தாரிடம் நான் சொன்னதாகவே சொல்லு. மூன்று வருடத்துக்குத் தண்ணீர் அடிக்கவும் புல் வெட்டவும் ஒருவருக்குக் கூலி கொடுக்க முடிந்தால் கொடுக்கச் சொல்லு. கட்டுகிறவர்களுக்கு நாடாவெட்டு விழா இருக்கிறது, பிறகு தினமும் கூட்டிப் பெருக்குகிறவருக்குத்தான் ஒன்றும் இருப்பதில்லை. இது எனக்குப் பெரிய மனக்குறை.

இங்கே கிடைக்காத சாமான் சில இருக்கிறது. பந்து பிடிக்கக் குந்துகிறவருக்கு முகக்கவசமும் மார்க்கவசமும், சின்ன ஆளுக்கும் பெரிய ஆளுக்குமாக இரண்டு சோடி. போன பெட்டியில் வந்த கையுறை எல்லாம் இடக்கையில் போடுகிறவை. நம் கோடி வீட்டுப் பிள்ளை இடக்கையால் எறிகிறவள். கையுறை இல்லாமல் வெறுங்கையால் பந்து பிடித்து விரல் வீங்கிப்போய் நிற்கிறாள். அவளுக்கு வலக்கையில் போடுகிற ஒன்று வேண்டும். காகிதத்தில் கை வைத்துக் கீறி இதனுள் வைத்திருக்கிறேன். வளர்கிற பிள்ளை, ஓரங்குலம் பெரிதாகவே பார்த்து வாங்கு. பெட்டி போட்டதும் போன் எடு.

அன்புடன்,
அம்மா