ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் கிடார் ஆம்ப்ளிஃபையர்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. வால்வு ஆம்ப்பில் (பழைய ரேடியோக்களில் ஒளிருமே, அந்தக் கண்ணாடிக் குழல்தான் வால்வு) உயிர் இருக்கிறது, அதன் சத்தத்தைச் சிப்பில் கணக்குப் போட்டுத் தரும் டிஜிட்டல் மாடலிங் ஆம்ப் வெறும் நகல் என்று எழுதியிருந்தார்கள். தமிழ்ப் பத்திரிகையில் இந்த விஷயத்துக்கு அரைப்பக்கம் கிடைத்ததே பெரிது. ஆனால் அதில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் ராத்திரியில் சத்தமில்லாமல் வாசிக்க வேண்டுமானால் ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு லைன் அவுட்டிலிருந்து, அதாவது மிக்சருக்கோ ரெக்கார்டருக்கோ ஒலியை எடுக்கும் துளையிலிருந்து, ஹெட்போனுக்கு எடுத்துக்கொள்ளலாமாம். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். டிரான்சிஸ்டர் ஆம்ப் அதைத் தாங்கும். வால்வு ஆம்ப்பில் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் சக்தி வெளியேற வழியில்லாமல், வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றுக்குள் வோல்டேஜ் எகிறி, உள்ளே பொறி பறந்து, அது கருகிவிடும். இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகு மற்றதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் திருச்சியில் ரேடியோ மெக்கானிக். 1973-ல், 16 வயதில், ஒரு கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். பொன்மலை ரயில்வே காலனியில் அப்போது ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. கிறிஸ்துமஸ் நெருங்கினால் டான்ஸுக்கு வாசிக்கிறவர்களின் ஆம்ப்புகள் எங்கள் கடைக்கு வரும். முதன்முதலாக ஒன்றைத் திறந்து பார்த்தபோது எனக்கு ஏமாற்றம்தான். உள்ளே இருந்தது நம் வீட்டு ரேடியோ. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் கால ரேடியோவில் ஸ்பீக்கரை ஓட்டிய இ.எல்.84 வால்வைத்தான் இங்கிலாந்தின் வாக்ஸ் ஏ.சி.30 ஆம்ப்பில் நான்காகப் போட்டிருப்பார்கள்.

எங்கள் தொழிலில் சத்தம் உடைந்தால் அது பழுது. ஒருமுறை வால்வு, கன்டென்சர் எல்லாம் மாற்றி, தண்ணீர் மாதிரி தெளிவாக ஒரு ஆம்ப்பைச் சரிசெய்து கொடுத்தேன். வாங்கிப்போன அங்கிள் மறுநாளே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். “தம்பி, பழையபடி உடைச்சுக் குடு” என்றார். கிடார்காரர்களுக்கு வேண்டியதே அந்த உடைசல்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. வால்வை அதன் சக்திக்கு மேல் விரட்டும்போது ஒலியலையின் உச்சிகள் மழுங்கும். பட்டென்று வெட்டுப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்குவதால் காதுக்கு இனிக்கிறது. வால்வின் “உயிர்” என்று கட்டுரையாளர் சொல்வதில் பெரும்பங்கு இதுதான். அதைப் பெற ஆம்ப்பை நன்றாகத் திறந்துவைத்து அலறவிட வேண்டும். படுக்கையறையில், பக்கத்து வீட்டுக்குக் கேட்காத அளவில் வைத்துக்கொண்டு வால்வையும் டிஜிட்டலையும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

நகல் என்ற பேச்சுக்கு வருகிறேன். லண்டனில் டிரம்ஸ் சொல்லிக்கொடுத்து இசைக்கருவிக் கடையும் வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962-ல் கொண்டுவந்த முதல் ஆம்ப், அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் பாஸ்மேன் ஆம்ப்பின் சர்க்யூட்டைப் பார்த்துக் கட்டியது. பாஸ்மேனோ பாஸ் கிடாருக்காகச் செய்தது. வால்வும் ஸ்பீக்கரும் உள்ளூரில் கிடைத்தவையாக மாறியதில் சத்தமும் மாறி, அதுவே ஒரு தனி வம்சமாகிவிட்டது. நகல் எடுப்பது குற்றமென்றால் மார்ஷலில் வாசித்த மகான்கள் பாதிப்பேரைக் கூண்டில் ஏற்ற வேண்டும்.

மாடலிங் என்பது வால்வுக்குள் நடப்பதைக் கணக்காக எழுதி, ஒரு சிப்பில் நொடிக்குப் பல்லாயிரம் தடவை போட்டுப் பார்ப்பது. 1998-ல் லைன் 6 கம்பெனி பாட் என்று ஒரு சிவப்புப் பெட்டி கொண்டுவந்தது. பெரிய அவரைவிதை மாதிரி இருக்கும். கச்சேரிக்கு வந்த ஒருவரிடம் வாங்கிக் கேட்டேன். தலைக்குள் வண்டு புகுந்ததுபோல் இருந்தது, அதோடு விட்டுவிட்டேன். 2011-ல் வந்த கெம்பர் என்ற ஜெர்மன் பெட்டி வேறு வழியில் போனது. நம் ஆம்ப்புக்குள் விதவிதமான சத்தங்களை அனுப்பி, மைக் வழியாகத் திரும்பி வருவதைக் கேட்டு, அந்த ஆம்ப்பையே படித்துக்கொள்ளும். இப்போது அதே வேலைக்கு இலவசமாகவே நிரல் கிடைக்கிறது.

அப்படி ஒன்றை என் தம்பி பேரன் போன கோடையில் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு வந்தான். பழைய ரேடியோ சேஸிஸில் இரண்டு இ.எல்.84 போட்டு நானே கட்டிய ஆம்ப் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதன் முன்னால் மைக்கை வைத்து, சுமார் 3 நிமிடம் ஏதேதோ கரகரப்பையும் விசிலையும் அதற்குள் ஓடவிட்டான். அப்புறம் லேப்டாப் கணக்குப் போட உட்கார்ந்தது, நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். சாப்பாடு முடிந்ததும் என் காதில் ஹெட்போனை மாட்டி, சுவரைப் பார்த்து உட்காரவைத்தான். அவன் வாசித்துப் பதிந்த ஒரே துண்டு, ஒரே சத்த அளவில், ஒரு தடவை என் ஆம்ப்பும் மைக்கும் வழியாக, ஒரு தடவை லேப்டாப் வழியாக. எது எது என்று நான் சொல்ல வேண்டும். 10 தடவை கேட்டேன். 5 சரி, 5 தப்பு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். 50 வருஷம் வால்வோடு குப்பை கொட்டிய காது இது.

தோற்ற கடுப்பில் எழுந்துபோய் ஆம்ப்பின் எதிரே நின்றுகொண்டு, “இப்ப வாசிடா” என்றேன். முழங்காலில் காற்று வந்து மோதுகிற அந்தச் சத்தம் ஹெட்போனில் இல்லவே இல்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். பேரன் விடவில்லை. “தாத்தா, நீங்க அறையைக் கேக்குறீங்க, நான் குடுத்தது மைக் கேட்டதை” என்றான். அப்புறம் கணக்கிலிருந்து ஸ்பீக்கரையும் மைக்கையும் எடுத்துவிட்டு, ஆம்ப்பை மட்டும் நகல் செய்து, அதை ஒரு பவர் ஆம்ப் வழியாக என் 12 அங்குல கிடார் ஸ்பீக்கரிலேயே ஓட்டினான். காற்று மோதியது.

இதைத்தான் கட்டுரையில் தவறவிட்டிருக்கிறார்கள். இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் தருவது மைக் வைத்துப் பதிவான ஆம்ப்பின் சத்தம். அதை எதிரே நின்று கேட்கிற ஆம்ப்போடு ஒப்பிட்டால், நேரில் கேட்ட நாதஸ்வரத்தையும் ரேடியோவில் கேட்டதையும் ஒப்பிடுவதுபோல்தான். கச்சேரியில் வால்வு ஆம்ப்புக்கும் மைக் வைத்து மிக்சருக்குத்தானே அனுப்புகிறோம்? பத்தாவது வரிசைக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்று மட்டும் பாக்கி. கையை அழுத்தி அடிக்கும்போது ஏ.சி. கரண்டை டி.சி.யாக மாற்றும் வால்வு ரெக்டிஃபையரில் வோல்டேஜ் ஒரு கணம் இறங்கி ஏறும், சத்தம் அமுங்கி எழும்பும். நகலில் அது விரலுக்குக் கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது என்று பேரனே ஒத்துக்கொண்டான். எனக்குக் கேட்கவில்லை, ஆனால் வாசிக்கிறவன் அவன்.

நம்மூர்க் கச்சேரிக்கு எது என்று கேட்டால் கூச்சப்படாமல் டிஜிட்டல் என்பேன். ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் வால்வு ஆம்ப் சுமார் 29 கிலோ. அதே கம்பெனி 2019-ல் விட்ட டிஜிட்டல் ட்வின் 15 கிலோ. மாடி மண்டபத்துக்குத் தூக்கியவருக்கு இந்த வித்தியாசம் தெரியும். கரண்ட் இன்னொரு தொல்லை. திருவிழா மேடையில் ராத்திரி 230 வோல்ட் 180-க்கு இறங்கினால், வால்வின் இழைக்கு வேண்டிய 6.3 வோல்ட் 5-க்கும் கீழே போய்விடும். பாட்டு நடுவில் ஆம்ப்புக்குச் சளி பிடிக்கும். இன்றைய டிஜிட்டல் பெட்டிகளில் பல 100 முதல் 240 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும்.

வால்வுக்காக நான் சண்டை போடுவது வேறு இடத்தில். போன வருஷம் இடி இறங்கியதில் செத்துப்போன டிஜிட்டல் பெட்டி ஒன்று ஒரு சர்ச்சிலிருந்து வந்தது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. அரிசிக் குருணையைவிடச் சின்ன பாகங்கள், நிரல் எழுதிய சிப் ஒன்று. சர்வீஸில் கேட்டால் போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். அந்த விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வாங்கிவிடலாம். பெட்டி இப்போது சர்ச்சில் பாட்டுப் புத்தகங்களுக்கு அடியில் கிடக்கிறது. 60 வருஷத்து வால்வு ஆம்ப்பையோ சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் இருந்தால் பெரும்பாலும் எழுப்பிவிடலாம். வால்வு தயாரிப்பு நின்றுபோய்விட்டது என்று கட்டுரையில் சொன்னதும் சரியில்லை. ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவின் சரத்தோவிலும் சீனாவிலும் செய்கிறார்கள். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியபோது ரஷ்ய வால்வு வராமல் போகுமோ என்று விலை ஏறியது, அது வேறு கதை.

இன்னொன்று. வால்வு ஆம்ப்பின் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கன்டென்சரில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். வீட்டில் திறந்து பார்க்க வேண்டாம்.

உங்கள் கட்டுரை வந்த மூன்றாம் நாள், சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கும் ஒரு பையன் தன் வால்வு ஆம்ப்பைக் கொண்டுவந்தான். கல்லூரி முடித்து, முதல் சம்பளங்களைச் சேர்த்து வாங்கியது. வீட்டில் தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டாமே என்று ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு லேப்டாப்பில் பதிந்திருக்கிறான். நாலு பாட்டு நன்றாக வந்ததாம், ஐந்தாவதில் கருகல் வாசனை. பின்பலகையைக் கழற்றியபோது எனக்கும் அடித்தது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது, நல்லவேளை வால்வுகள் தப்பின. வைண்டிங் கடையில் மறுபடி சுற்றித் தர இரண்டு வாரம் கேட்டிருக்கிறார்கள். அதுவரைக்கும் பேரனுடைய டிஜிட்டல் பெட்டியை அவனுக்கு இரவல் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அந்த வரிக்கு ஒரு திருத்தம் மட்டும் சீக்கிரம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ரேடியோ மெக்கானிக்,
திருச்சி