குற்றம் அன்று, வழி தவறுதல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சொல் விளக்கப் பகுதியில் சென்ற முறை 'எர்' என்னும் ஆங்கில வினைக்குக் 'குற்றம் செய்தல்' என்று பொருள் தரப்பட்டிருந்தது. ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் 'டு எர் இஸ் ஹியூமன்' என்னும் தொடரும் 'குற்றம் இழைப்பது மனித இயல்பு' என மொழிபெயர்க்கப்பட்டிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவன் நான். இந்தப் பொருள் மாணவர் மனத்தில் பதிந்துவிடக் கூடாதே என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

இச்சொல்லின் மூலம் 'எர்ராரே' என்னும் லத்தீன் வினை. அலைதல், திரிதல், வழியை விட்டு விலகுதல் என்பதே அதன் முதற்பொருள். விண்மீன்களுக்கிடையே இடம் மாறிச் செல்லும் கோள்களை ரோமானியர் 'ஸ்டெல்லே எர்ரான்டெஸ்', அதாவது அலையும் விண்மீன்கள், என்று அழைத்தனர்; அப்பெயரில் பழிப்பு எதுவும் இல்லை. ஜெர்மன் மொழியின் 'இர்ரென்' என்னும் வினை லத்தீனிலிருந்து கடன் பெற்றதன்று, இதனோடு ஒரே பழைய வேரில் கிளைத்தது. அதிலும் அலைதலும் தவறுதலும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோதும் இவ்விரு பொருளும் சேர்ந்தே வந்தன. 1667-இல் வெளிவந்த மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தில், ஏதேன் தோட்டத்து ஓடைகள் நிழலினூடே வளைந்து வளைந்து ஓடுவதைக் குறிக்க இதன் பெயர்ச்சொல்லான 'எர்ரர்' என்பதே ஆளப்பட்டிருக்கிறது. பாவம் இன்னும் நுழையாத தோட்டம் அது. அங்கே அச்சொல்லுக்கு நெளிந்து திரிதல் என்பதைத் தவிர வேறு பொருள் இருக்க முடியாது.

போப்பின் தொடர் 1711-இல் அச்சேறிய, திறனாய்வு பற்றிய செய்யுள் நூலில் வருவது. நல்லறிவோடு நல்லியல்பும் திறனாய்வாளனிடம் சேர்ந்திருக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில்தான் தவறுவது மனித இயல்பு, மன்னிப்பது தெய்வ இயல்பு என்கிறார் அவர். எழுதுபவனின் சறுக்கல்களைப் பேசும் அந்த இடத்தில் 'குற்றம்' என்று எழுதினால் கவிஞனைக் கூண்டில் ஏற்றியது போலாகிவிடுகிறது.

இது வெறும் இலக்கியப் பிரச்சினையும் அன்று. மேல்முறையீட்டு மனுக்களில் கீழ் நீதிமன்றம் சட்டத்தைப் பொருள்கொள்வதில் 'எர்' செய்துவிட்டது என்று எழுதுவது ஆங்கிலச் சட்ட மொழியின் அன்றாட வழக்கு. அதைக் 'குற்றம் செய்தார்' என மொழிபெயர்த்தால், முடிவில் மட்டும் தவறிய நீதிபதியின் நேர்மையையே ஐயுறுவதாகிவிடும். 'எர் ஆன் தி சைட் ஆஃப் காஷன்' என்னும் தொடரும் அப்படியே: விலகத்தான் நேரும் என்றால் எச்சரிக்கையின் பக்கமாக விலகுவது நல்லது என்பது அதன் கருத்து. வழி விலகுதல் என்னும் பழைய பொருள் தெரியாதவருக்கு அத்தொடர் விளங்கவே விளங்காது.

தமிழில் இதற்கு மிகப் பொருத்தமான வினைகள் இருக்கும்போது குற்றத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. வழி தவறியது, கால் தவறியது, குறி தவறியது என்கிறோம். இவற்றில் இடமும் இயக்கமும் இருக்கின்றன, பழி இல்லை. 'பிழைத்தல்' என்பதும் இத்தகையதே. 'கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது' என்னும் 772-ஆம் குறளில் யானையைக் குறிவைத்துத் தவறிய வேலே 'பிழைத்த வேல்' ஆகிறது. அச்சுத் தவறுகளின் பட்டியலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'எர்ராட்டா' இதே லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. அதைப் 'பிழைதிருத்தம்' என்று தமிழாக்கியவர் நுட்பம் உணர்ந்தவர்.

அப்பகுதியில் இன்னும் இரண்டு சொற்கள் இதே வேரின்கீழ்ச் சேர்க்கப்பட்டிருந்தன. சிறு வேலையாகப் போய்வருதலைக் குறிக்கும் 'எர்ரண்ட்' தூய பழைய ஆங்கிலச் சொல். அதற்கும் 'எர்' என்பதற்கும் தொடர்பில்லை. ஊர் ஊராகச் செல்லும் வீரனைக் குறிக்கும் 'நைட் எர்ரன்ட்' என்பதில் உள்ள அடைமொழியோ, பயணம் எனப் பொருள்படும் 'இட்டெர்' என்னும் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த வினையின் வழிவந்தது. பழைய பிரெஞ்சில் இரு வினைகளும் ஒரே வடிவம் பெற்றுவிட்டதால் இந்த மயக்கம் எளிதில் நேர்கிறது.

உச்சரிப்பைப் பொறுத்தவரை, 'ஹெர்' என்பதோடு ஒத்து ஒலிப்பதே பழைய மரபு. 'எர்ரர்' என்பதன் சாயலில் 'ஏர்' என ஒலிப்பது அமெரிக்காவில் பரவி, இப்போது அங்குள்ள அகராதிகளிலும் இடம்பெற்றுவிட்டது. பொருள் விளக்கத்தை அடுத்த இதழிலேயே திருத்தி வெளியிடுமாறு அன்போடு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
கும்பகோணம்.