உள்ளூர்க்காரர் வீட்டில் தங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இத்தாலிக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறேன். "நம் மலேசியப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து வீடு எடுத்துத் தங்கட்டும், அதுதான் பத்திரம்" என்று பெற்றோர் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த வீட்டுக்குள் இத்தாலிய மொழி நுழையவே நுழையாது.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. ஓய்வுக்கு மறு ஆண்டு பெருஜியா நகருக்குப் போனேன். 1921இல் தொடங்கிய வகுப்புகள் வளர்ந்து வெளிநாட்டவருக்கென்றே பல்கலைக்கழகமான ஊர் அது. புறப்படுமுன் ஆறு மாதம் கைப்பேசிச் செயலியில் பயின்றிருந்தேன். வினைச்சொல் திரிபுகள் எல்லாம் மனப்பாடம். இருந்தும், முதல் நாள் பாலாடைக்கட்டி வாங்கப் போன இடத்தில், எத்தனை 'எத்தோ' வேண்டும் என்று கடைக்காரர் கேட்டதும் வாயடைத்து நின்றேன். எத்தோ என்றால் 100 கிராம். நம் சந்தையில் பெரியவர்கள் இன்னும் பழைய எடைக்கணக்கில் 'காத்தி' என்கிறார்களே, அதுபோல. செயலியில் அந்தச் சொல் வரவே இல்லை.

மொழியைத் தந்தது நான் தங்கிய வீட்டின் சமையலறைதான். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். இத்தாலிய மொழியைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஒருநாள் சாமான் பட்டியல் எழுத அவரிடம் 'பேனா' கேட்டேன். மாவு பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, என்ன துயரம் என்று பதறிப்போனார். அவர்கள் மொழியில் 'பேனா' என்றால் வேதனை, எழுதுகோல் 'பென்னா'. நான் எழுதுவதுபோல் சைகை காட்டியதும், மாவுக் கையால் மேசையை அழுத்தி அழுத்தி 'பென்-னா' என்று சொல்லவைத்தார். கனம் வேறு, கன்னம் வேறு என்று முப்பது ஆண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த ஒற்று என் நாக்கில் ஏறியது அன்றுதான்.

பினாங்கு மக்களுக்கு இது புதிதல்ல. நம்மில் எத்தனை பேர் ஹொக்கியன் என்ற சீன மொழியை வகுப்பில் படித்தோம்? சௌராஸ்தா சந்தையில் 'குய் லுய்' என்று விலை கேட்டுக் கேட்டு வந்த மொழிதானே அது! இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவரும் தமிழ் மக்களோடு வாழ்ந்துதான் தமிழ் கற்றார். 1732இல் நமக்குச் சதுரகராதியையே தந்தார்.

பெருஜியாவில் என் வகுப்பில் படித்த மலேசிய மாணவர் மூவர் ஒரே வீட்டில் இருந்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள், தேர்விலும் நல்ல மதிப்பெண். ஆனால் மூன்று மாதம் கழித்தும் ரொட்டிக் கடையில் விரலை நீட்டித்தான் வாங்கினார்கள். பார்க்க மனம் பொறுக்கவில்லை.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி வரும் செப்டம்பரில் பெருஜியாவுக்குப் புறப்படுகிறாள். அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்: மிளகாய்த்தூளும் ஊறுகாயும் பெட்டியில் போகட்டும். அங்கே ரொட்டியில் உப்புகூட இருக்காது, பிள்ளைக்கு வேண்டியிருக்கும். தங்கும் வீடு மட்டும் அந்த ஊர்க்காரர் வீடாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு