இடுப்பெலும்பு முறிந்தவருக்குக் கத்தீட்டர் போடும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

ராணுவ மருத்துவப் பணியில் தொடங்கி, மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுத்து, பிறகு தனியார் மருத்துவமனைக்கு வரும் யூராலஜி (சிறுநீர்ப் பாதை நோய்) மருத்துவர்கள் ஒரே காயத்தை மூன்று கட்டங்களில் பார்க்கிறார்கள். முன்களத்தில் காயம் பட்ட சில மணி நேரத்தில், கல்லூரி மருத்துவமனையின் விபத்துப் பிரிவில், தனியாரிடம் பல மாதம் கழித்துச் சிறுநீர் அடைப்பாக. இடுப்பெலும்பு முறியும்போது சிறுநீர்வழி கிழிவதுதான் அந்தக் காயம். இவ்வாறு எலும்பு முறியும் ஆண்களில் 100 பேருக்குச் சுமார் 5 முதல் 10 பேர் வரை இதற்கு ஆளாகிறார்கள்.

பிராஸ்டேட் சுரப்பி இடுப்பெலும்பின் முன்பகுதியோடு நார்களால் பிணைந்திருக்கிறது. எலும்பு விலகும்போது சுரப்பியும் சேர்ந்து நகர, அதற்குச் சற்றுக் கீழே சிறுநீர்வழி இழுபட்டுக் கிழிகிறது. சில நேரம் அது அரைகுறைக் கிழிசலாகவே இருக்கும். மூத்திரம் போகவில்லையே என்று பதறி கத்தீட்டரை (சிறுநீரை வடிக்கும் குழாயை) அழுத்திச் செலுத்தும்போது முழுதாக அறுந்துவிடும் ஆபத்து இருக்கிறது. குழாய் தவறான பாதையில் போய் ரத்தக்கட்டுக்குள் நிற்க, அது நழுவாமல் பிடிக்கும் நுனிப் பலூனை அங்கேயே ஊதிவிடுவது அதைவிட மோசம். கிருமித் தொற்றும் அந்த வழியாகவே நுழைகிறது.

சிறுநீர் வரும் துவாரத்தில் ஒரு துளி ரத்தம் தெரிந்தாலே கையை நிறுத்த வேண்டும். வயிறு முட்டியும் சிறுநீர் கழிக்க முடியாமை, விதைப்பையைச் சுற்றிக் கன்றிப்போதல் ஆகியவையும் எச்சரிக்கைதான். ரத்தம் தெரியாததாலேயே காயம் இல்லை என்றும் ஆகிவிடாது.

நோயாளியின் ரத்த அழுத்தம் நிலையாக இருந்தால் யூரித்ரோகிராம், அதாவது சிறுநீர்வழியில் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே, எடுக்கலாம். சிறிய கத்தீட்டரின் நுனியைத் துவாரத்துக்குள் சற்றே நுழைத்து, பலூனில் 1 முதல் 2 மி.லி. தண்ணீர் மட்டும் விட்டு, 20 முதல் 30 மி.லி. சாய மருந்தை மெதுவாகச் செலுத்தியபடியே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வழக்கமாக நோயாளியைச் சாய்த்துப் படுக்க வைப்பார்கள். முறிந்த இடுப்பைப் புரட்டக் கூடாது என்பதால் இங்கே எக்ஸ்ரே குழாயைத்தான் சாய்க்க வேண்டும். சாயம் வெளியே கசிந்தால் அடிவயிற்றின் வழியாகச் சிறுநீர்ப்பைக்குக் குழாய் போடுவதே பாதுகாப்பு. பை நிரம்பியிருப்பதை ஸ்கேனில் உறுதிசெய்து, இடுப்பெலும்பின் முன்பகுதிக்கு இரண்டு விரற்கடை மேலே, நடுக்கோட்டில் போட வேண்டும். பழைய அறுவைத் தழும்பு இருந்தால் குடல் ஒட்டியிருக்கலாம். அப்போது திறந்து போடுவதே நல்லது. எலும்புக்குத் தகடு வைக்கும் திட்டம் இருந்தால், குழாய் எங்கே வர வேண்டும் என்று எலும்பு மருத்துவரிடம் முன்பே பேசிவிட வேண்டும். தகட்டில் தொற்று வந்தால் அது தனிப் போராட்டம்.

முன்களத்து அறுவை மருத்துவரின் வேலை ரத்தப்போக்கை நிறுத்துவது, சிறுநீருக்கு மாற்றுவழி செய்வது, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது. கிழிந்ததைச் சீராக்குவது பிறகு, அங்கே. நம் வட்ட மருத்துவமனைகளுக்கும் இந்த முறையே பொருந்தும். விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 முதல் தமிழக அரசு செலவு செய்கிறது. அடிவயிற்றுக் குழாய் செட்டும் சாய மருந்தும் ஒவ்வொரு விபத்துப் பிரிவிலும் இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்தானே?

மூன்றாண்டு எம்.சிஎச். (உயர்சிறப்பு அறுவை மருத்துவப் படிப்பு) யூராலஜி மாணவருக்கு இதெல்லாம் தெரியும். நள்ளிரவில் கத்தீட்டரைக் கையில் எடுப்பவரோ பயிற்சி மருத்துவர் அல்லது செவிலியர். பாடம் அவர்களைத்தான் முதலில் சென்றடைய வேண்டும். இதை வலியுறுத்தியே எழுதுகிறேன்.

நிரந்தர அறுவை பொதுவாக மூன்று மாதம் கழித்துத்தான். வடுவை வெட்டியெடுத்து இரு முனைகளையும் இணைப்பார்கள். அதுவரை அடிவயிற்றுக் குழாயை 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். இடையில் அடைபட்ட வழியைக் கம்பி விட்டு விரிப்பதும் உள்ளிருந்தே திரும்பத் திரும்ப வெட்டிவிடுவதும் தழும்பை நீளமாக்கி, பிறகு செய்யும் அறுவையையும் சிக்கலாக்கும்.

முதலில் பார்க்கும் மருத்துவர், பரிந்துரைச் சீட்டில் துவாரத்தில் ரத்தம் இருந்ததா, கீழ்வழியில் கத்தீட்டர் முயன்றார்களா, எத்தனை முறை என்பதை எழுதி அனுப்ப வேண்டும். உறவினர்கள் அந்தச் சீட்டையும் எக்ஸ்ரே படங்களையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து அறுவை செய்பவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

– யூராலஜி மருத்துவர் ஒருவர், திருச்சி