சான்றிதழ் வந்த பிறகும் படத்தை ஒருமுறை முழுதாகப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூருவில் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பகுதித் தமிழர்கள், புதுப்படம் வந்தால் கன்னட நண்பர்களையும் அழைத்துக்கொண்டு போவது வழக்கம். தமிழ் தெரியாத அவர்கள் ஆங்கில சப்டைட்டிலை நம்பித்தான் வருகிறார்கள். அண்மையில் இங்கே நான் பார்த்த ஒரு படத்தில், இடைவேளைக்குப் பின் கதாநாயகி பேசி முடித்த பிறகே அவருடைய வசனம் திரையின் அடியில் வந்தது. நெடுநேரம் அது சரியாகவில்லை.

இத்தகைய பிழைகள் பெரும்பாலும் கடைசி நேர அவசரத்தில் நேர்பவை. தணிக்கையில் இரண்டு விநாடிக் காட்சியை நீக்கச் சொன்னால், விநாடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் 48 ஃபிரேம்கள் போகும். படம், ஒலி, சப்டைட்டில் மூன்றிலும் அதே இடத்தில் அதே அளவு குறைக்காவிட்டால், அந்த ரீல் (படத்தின் ஒரு பகுதி) முடியும்வரை ஒன்றோடொன்று பொருந்தாது. திரையரங்குகளுக்குப் போகும் டிசிபி எனும் டிஜிட்டல் படத் தொகுப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு என்பது உண்மைதான். ஆனால் நகல் மூலத்தைப் போலவே இருக்கிறதா என்பதை மட்டுமே அது சொல்லும். நடு ஸ்பீக்கரில் வரவேண்டிய வசனத்தை மூலத்திலேயே வலப்பக்கம் ஏற்றியிருந்தாலும், 2048க்கு 858 பிக்சல் அளவுள்ள ஸ்கோப் (அகலத்திரை) படத்தை 1998க்கு 1080 சட்டத்துக்குள் சுருக்கி, அகலத்திரையில் நாற்புறமும் கறுப்புப் பட்டை விழச் செய்திருந்தாலும், அந்தச் சோதனையில் தொகுப்பு தேறிவிடும். மனிதக் கண்ணும் காதும்தான் இவற்றைப் பிடிக்க முடியும். எடிட்டிங் அறையின் சிறு திரையில் அங்கங்கே ஓட்டிப் பார்ப்பது இதற்குப் போதாது.

திரையரங்குகளுக்கும் இதில் பங்கு உண்டு. வெண்திரையின் ஒளி சதுர மீட்டருக்கு 48 கேண்டலா இருக்க வேண்டும் என்பது உலகளாவிய அளவுகோல்; புரொஜெக்டர் விளக்கு தேய்ந்தும் மாற்றாமல் ஓட்டினால், படத்தில் இரவில் நடக்கும் காட்சிகளில் முகமே தெரியாது. ஒலிக்கலவை, திரையரங்கின் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் 7-இல் இருக்கும்போது கேட்பதற்காகச் செய்யப்படுகிறது. இரைச்சல் தாங்காமல் ஆபரேட்டர் அதைக் குறைத்தால் மெல்லிய வசனங்கள் காணாமல் போகின்றன. ஆயினும் மூலமே பழுதாக இருந்தால் நல்ல திரையரங்கும் ஒன்றும் செய்ய முடியாது.

எனவே, தணிக்கைச் சான்றிதழ் கிடைத்த பின் உருவாகும் இறுதித் தொகுப்பை, எடிட்டரும் ஒலிக்கலவையாளரும் சேர்ந்து ஒரு திரையரங்கில் முதலிலிருந்து கடைசிவரை, சப்டைட்டிலோடு பார்த்து ஒப்புதல் அளிக்க வேண்டும். அதற்குப் பிறகே திரையரங்குகளுக்கு, அந்தத் தொகுப்பைத் திறக்கும் டிஜிட்டல் திறவுகோல் அனுப்பப்பட வேண்டும். வெளியீட்டுத் தேதியை முடிவு செய்யும்போதே இதற்கென ஒரு நாளை ஒதுக்குமாறு தயாரிப்பாளர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு