'வலியே இருக்காது' என்று சொல்லி அனுப்பாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காரைக்குடியில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் மூலம், பௌத்திரத்துக்கு 'வலியில்லா சிகிச்சை' என்று நோட்டீஸ். எனக்கு மூல ஆபரேஷன் செய்த இடத்திலும் அதையேதான் சொன்னார்கள். முதுகில் போட்ட ஊசியின் மரமரப்பு தெளிகிற வரைக்கும் அது உண்மைதான். மூலத்தை வெட்டி எடுத்தால் முதல் ஒரு வாரம் நன்றாகவே வலிக்கும், புண் முழுசாக ஆறச் சில வாரங்கள் ஆகும் என்று முன்னாடியே சொல்லியிருந்தால் யார் ஓடிவிடப் போகிறார்கள்?

டிஸ்சார்ஜ் சீட்டு ஆங்கிலத்தில். வலித்தால் மாத்திரை போடுங்க, சுடுதண்ணியில உட்காருங்க, அவ்வளவுதான் விளக்கம். நர்ஸாக இருக்கிற சித்தி மகள்தான் போனில் புரியவைத்தாள். வலி உச்சிக்கு ஏறின பிறகு போட்டால் மாத்திரை பிடிக்க நேரமாகும், அதனால் முதல் சில நாள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மணி பார்த்துப் போட வேண்டுமாம். டைக்ளோஃபினாக் என்கிற வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும். அல்சர், கிட்னிக் கோளாறு இருந்தால் கேட்காமல் தொடவே கூடாது. டிரமடால் மாதிரி வலி மாத்திரை மலத்தை இறுக்கிவிடும், கூடவே லாக்டுலோஸ் மாதிரி இளக்குகிற மருந்து வேண்டும்.

உண்மையான பயம் முதல் தடவை வெளிக்குப் போவதில்தான் இருக்கிறது. பயந்து அடக்கினால் இறுகும், இறுகினால் இன்னும் வலிக்கும். சாப்பிடாமல் இருந்தால் தப்பிக்கலாம் என்று வெறும் கஞ்சியோடு கிடக்கிறவர்கள் நிறைய பேர். கீரை, கொய்யா, நிறையத் தண்ணீர், இதுதான் வேண்டும். காரம் மட்டும் எரிச்சலைக் கூட்டும், நம்ம ஊர்ச் சமையலில் அது பெரிய தியாகம்தான், என்ன செய்வது.

அப்புறம் அந்தச் சுடுதண்ணீர். கொதிக்கக் கொதிக்க இல்லை, கை பொறுக்கிற வெதுவெதுப்பு போதும். அகலமான பிளாஸ்டிக் டப்பில் ஊற்றி இடுப்பு நனைய 10, 15 நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை, மலம் கழித்த பிறகு கட்டாயம். உள்ளே இழுத்துப் பிடித்திருக்கிற தசை அதில் தளர்வது உட்கார்ந்திருக்கும்போதே தெரியும். டெட்டால் எல்லாம் ஊற்ற வேண்டாம், எரியும். எங்கள் வீடு பழைய வீடு, முகப்பில் படுத்தால் கக்கூஸ் வளவை, அதாவது நடு முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டில். ராத்திரி அந்தத் தூரம் நடப்பதே தண்டனை என்று கட்டிலையே பின்னால் கொண்டுபோய்ப் போட வேண்டியதாயிற்று.

சிறுநீர் பிரியாமல் வயிறு உப்பினாலோ, காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் கட்டி கட்டியாகப் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் கழித்துக்கூட ரத்தம் போகலாம். இதையும் யாரும் சொல்வதில்லை. கேட்கிறவர்களுக்கும் கூச்சம், பெண்கள் பாடு இன்னும் மோசம், பிரசவத்துக்குப் பிறகு வந்ததை வருடக்கணக்கில் வெளியே சொல்லாதவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

இந்தப் பகுதி டாக்டர்கள் இதையெல்லாம் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்து, மாத்திரைக்கு எதிரே நேரத்தையும் எழுதி, டிஸ்சார்ஜ் சீட்டோடு கொடுக்க வேண்டும். உங்கள் மருத்துவப் பக்கத்திலும் ஒரு குடல் அறுவை சிகிச்சை நிபுணரை எழுதச் சொல்லுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காரைக்குடி