ஓட்டு சும்மா கிடைக்கலைங்க: என் பொண்ணு படிக்கிற பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் தலைமை ஆசிரியர் அவர்களுக்கும் வணக்கம்.

ஜனவரி 25 வாக்காளர் தினப் பேச்சுப் போட்டியில, நம்ம நாட்டுப் பெண்களும் ஓட்டுக்காகப் போராடினாங்கன்னு என் பொண்ணு பேசினா. அங்க என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். நடுவர் மைக்குல சொன்னதை மட்டும் ஞாபகப்படுத்துறேன். "இங்கிலாந்துலதான் பெண்கள் ஓட்டுக்காக ஜெயிலுக்குப் போனாங்க, நம்ம நாட்டுல யாரும் போராடல, சுதந்திரம் வந்ததும் தானா கிடைச்சிருச்சு, இந்தப் பொண்ணு தப்பா பேசிருச்சு." ரெண்டு வாரமா ராத்திரி உக்காந்து மனப்பாடம் பண்ணின பிள்ளைங்க. அன்னைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமக் கூட படுத்துட்டா. மறுநாள் ஆபீசுக்கு வந்து கேட்டேன், "சின்ன விஷயம்மா, விடுங்க"ன்னாங்க.

பரிசு வேணாங்க. அவ பேசினது சரிதான்னு பிரேயர்ல ஒரு தடவை சொல்லுங்க, அவ்ளோதான்.

1917 டிசம்பர்ல சரோஜினி நாயுடு தலைமையில பெண்கள் குழு ஒண்ணு, இந்திய விவகாரத்தைப் பாத்துக்கிட்ட பிரிட்டிஷ் மந்திரி மாண்டேகுவைப் பாத்து ஓட்டுரிமை கேட்டது வேற எங்கயும் இல்ல, நம்ம சென்னையிலதான். இந்த நாட்டு நிலைமைக்கு அது சரிவராதுன்னு, யாருக்கு ஓட்டுன்னு பரிந்துரைக்க பிரிட்டிஷ் அரசு போட்ட சவுத்பரோ கமிட்டி கைய விரிச்சதும், 1919ல பம்பாய்ல இருந்து ஹீராபாய் டாடாவும் அவங்க மக மிதனும் கப்பலேறி லண்டனுக்கே போய் வாதாடினாங்க. அதுக்கப்புறமும் நேரா குடுக்காம, அந்தந்த மாகாண சட்டசபை முடிவு பண்ணட்டும்னு தள்ளிவிட்டாங்க, 1921ல முதல்ல தீர்மானம் போட்டது சென்னை மாகாணம், அதே வருஷம் வங்காளத்துல தோத்துப்போச்சு. இதுல எது தானா வந்துச்சு?

அப்பவும் சொத்து இருக்கிற, வரி கட்டுற பொம்பளைக்குத்தான் ஓட்டு. நம்ம வீடுகள்ல எந்தப் பொம்பளை பேர்லங்க அப்ப நிலம் இருந்துச்சு? பிரிட்டிஷ் அரசு போட்ட 1935 இந்திய அரசுச் சட்டத்துல கொஞ்சம் தளர்த்தி, எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்களுக்கும், சொத்துள்ளவரோட பொண்டாட்டிக்கும் ஓட்டுன்னாங்க. அதாவது பல பேருக்கு ஓட்டும் புருஷன் வழியாத்தான் வரணும்.

என் பொண்ணு பேச்சுல பாதி, இதுக்கு அப்புறம் நடந்ததைப் பத்திதான். 1951-52 முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் லிஸ்ட் எடுக்க வீடு வீடா போனப்ப, முக்கியமா வடமாநிலங்கள்ல, நிறைய பெண்கள் தன் பேரைச் சொல்லவே இல்ல. இன்னாரோட சம்சாரம், இன்னாரோட அம்மான்னுதான் சொன்னாங்க. அந்நிய ஆம்பள முன்னாடி பேரைச் சொல்லக்கூடாதுன்னு வளத்திருக்காங்க, அவங்க என்ன பண்ணுவாங்க? சொந்தப் பேர் இல்லாம லிஸ்ட்ல சேக்க முடியாதுன்னு தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியா நின்னாரு. கடைசில சுமார் 28 லட்சம் பெண்கள் விட்டுப்போனாங்க. 1935ல பல பேருக்குப் புருஷன் பேரச் சொன்னாத்தான் ஓட்டு, 1951ல புருஷன் பேர மட்டும் சொன்னா ஓட்டு இல்ல. இதைச் சொல்றப்பதான் பிள்ளைக்குக் குரல் நடுங்குச்சு, அந்த இடத்துலதான் நடுவர் பெல் அடிச்சாரு.

இன்னொண்ணும் சொல்லணும். மார்ச் மாசம் மகளிர் தினம்னா கோலப்போட்டி, அடுப்பில்லா சமையல், எல்லாருக்கும் ஒரே கலர் சேலை. எத்தனை வருஷமா இதே. 1927லயே சட்டசபைத் துணைத்தலைவரா உக்காந்த முத்துலட்சுமி ரெட்டி படம் கூட ஹால்ல இல்ல. 1926 சட்டசபைத் தேர்தல்ல மங்களூர்ல நின்னு கொஞ்ச ஓட்டுல தோத்த கமலாதேவி சட்டோபாத்யாய் பேரை எந்தப் பிள்ளையும் கேட்டிருக்காது. பிள்ளைங்க நம்ம சொல்றதைத்தாங்க நம்புது, யாரும் போராடலன்னு மைக்குல சொன்னா அறுநூறு பிள்ளைங்களும் அதையே நம்பிட்டுப் போகும், எனக்கு அதுதான் தாங்கல.

கோவத்துல ஏதாவது கூடப் பேசியிருந்தா மன்னிச்சுக்கோங்க. நடுவர் மேல நடவடிக்கை எடுங்கன்னு கேக்கல, அவரும் பாவம், அவருக்கும் யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க. தயவுசெஞ்சு வர்ற திங்கக்கிழமை பிரேயர்ல, அவ பேச்சுல தப்பு எதுவும் இல்லன்னு சொல்லுங்க. முடிஞ்சா அந்த 28 லட்சம் பேரைப் பத்தின பகுதிய மட்டும் அவளையே வாசிக்க விடுங்க, மூணு நிமிஷம்தான் ஆகும். பேப்பரைப் பத்திரமா வச்சிருக்கா, அன்னைக்குக் கொண்டுவரச் சொல்றேன்.

நன்றிங்க.